மச்சான் தலையில் விழுந்த பில்

அத்தியாயம் ஏழு

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பல்வலிக்காரர்கள். ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பார்கள். உதவியாளன் ஒட்டடைக்குச்சி பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான். இருந்தாலும் வேலையில்லாத நாட்களில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கீழே அனுப்புவான். அந்தப் பழக்கத்தில்தான், சனிக்கிழமை காலை கோட்டு டெய்லரின் வீட்டம்மா வீங்கின முகத்தோடு வந்து நின்றபோது, "ஒரு மாடி இறங்குங்கக்கா" என்றான்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "அழுதிருக்கேன்."

ஒட்டடைக்குச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆறடி இரண்டங்குல உயரமும், சட்டையைக் கழற்றினால் ஆளைத் தேட வேண்டிய உடம்பும் இருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள். நாற்பதை நெருங்குகிறான். வாய் மட்டும் பதினெட்டிலேயே நின்றுவிட்டது. அவனுடைய முதலாளி அம்மாவுக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. சோடா பாட்டில் அடி மாதிரி மூக்குக்கண்ணாடி. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபது வருஷம் நஷ்டஈட்டு மனுக்களில் பொய் தேடிப் பழகியவர். ஆட்கள் பேசுவதைக் காதில் பாதிதான் வாங்குவார். காகிதம் பேசினால் முழுசாகக் கேட்பார். அவரை 'மேடம்' என்று கூப்பிடுவது ஒட்டடைக்குச்சி ஒருவன்தான். அதுவும் சம்பளம் வாங்கும் தேதி நெருங்கும்போது.

வீட்டம்மா மூக்கைச் சிந்தியபடி சொன்ன கதை இது. போன மாதம் அவரும் டெய்லரும் ஒன்பது நாள் வெளிநாடு போய் வந்தார்கள். அங்கே இருப்பது வீட்டம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததுமே டெய்லர் போனில் டேட்டாவை அணைத்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டி உறுதியும் செய்துகொண்டார். அண்ணன் வீட்டு வைஃபையிலும் சேரவில்லை. இருபத்தாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தார் அண்ணன். டெய்லர் மூன்று தடவை அடித்துப் பார்த்து, மூன்று தடவையும் தப்பாகி, தன்னைக் கேலி செய்யவே மச்சான் இத்தனை நீளத்தில் வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, போனைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்.

திரும்பி வந்து மூன்று வாரம் நிம்மதி. நாலாவது வாரம் ரோமிங் பில் வந்தது. பதினெட்டுக் கோட்டு. டெய்லர் எதையும் கோட்டுக் கணக்கில்தான் சொல்வார்; ஒரு கோட்டுத் தைக்கும் கூலி, பெருக்கல் பதினெட்டு. போன் கம்பெனிக்குப் பேசினால் அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, உபயோகித்திருக்கிறீர்கள், அதனால் வந்திருக்கிறது என்றார்கள். தான் உபயோகிக்கவில்லை. அப்படியென்றால் ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரன்தான் உபயோகித்திருக்க வேண்டும். இத்தோடு வீட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. டெய்லர் பில்லின் நாலு தாளையும் போட்டோ எடுத்து, நாற்பத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, கூடவே ஒரு குரல் பதிவும் போட்டார். 'விருந்தாளி தூங்கும்போது அவன் போனில் படம் பார்ப்பது எந்த ஊர் உபசாரம்' என்று அதில் ஒரு வரி வரும். நாற்பத்து இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எல்லோரும் இரண்டு தடவை கேட்டார்கள்.

"நாளைக்குக் காலையில அண்ணன் இங்க வராரு. பதினஞ்சு நாளு எங்க வீட்லதான் தங்கறதா இருந்துச்சு. இப்ப லாட்ஜுல ரூம் போட்டுட்டாராம்." வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் இருக்கற ஊர்ல எங்கண்ணன் லாட்ஜுல தங்கினா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர அண்ணேன்னு கூப்பிடுவேன்?"

மேடம் கையை நீட்டி, "பில்லு," என்றார்.

நாலு தாள். மேடம் அதை மோந்து பார்க்கிற தூரத்தில் வைத்துப் படித்தார். பென்சிலால் முதல் தாளில் ஒரு இடத்தில் மெல்லக் கோடு போட்டார், எதற்கென்று சொல்லவில்லை. அடியில் எறும்பு எழுத்தில் இருந்த குறிப்பை வாசித்துக் காட்டினார்: நேரமெல்லாம் நம்ம ஊர் நேரம். அண்ணன் ஊர் நம்மை விட நாலு மணி நேரம் பின்னால்.

"முதல் ரெண்டு நாளை விட்டா, தினமும் காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிக்குது. ராத்திரி ஒன்பதுக்கு நிக்குது. நிமிஷம் கூட மாறல. அங்க அது காலையில அஞ்சரை. உங்க அண்ணன் வீட்ல அஞ்சரைக்கு எழுந்து படம் பாக்கற ஆளு யாரு?"

வீட்டம்மா அழுகைக்கு நடுவில் சிரித்தே விட்டார். அண்ணனை எட்டு மணிக்கு எழுப்ப அண்ணி தலையணையை உருவ வேண்டியிருக்குமாம்.

"வியாழக்கிழமை மட்டும் பதினொண்ணுலேருந்து ஒண்ணு நாப்பது வரைக்கும் ஒண்ணுமே இல்ல," என்றார் மேடம். "அன்னிக்கு அந்த நேரத்துல போன் எங்க இருந்துச்சு?"

ஃபிரிட்ஜ் மேல்தான். அதை யாரும் தொடவில்லை என்று வீட்டம்மா அடித்துச் சொன்னார்.

"யாரும் தொடாத போனு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல லீவு எடுத்திருக்கு," என்றான் ஒட்டடைக்குச்சி. "எனக்கே அப்படிக் கிடைக்கறதில்ல."

மேடம் குடையை எடுத்தார். டெய்லர் கடைக்குப் போவதென்று அர்த்தம்.

கடை தெருமுனையில். முன்பக்கம் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் கரும்பச்சைக் கோட்டு போட்ட ஒரு ஆண் பொம்மை, வட்டப் பலகை மேல் நின்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் தெருவைப் பார்க்கும். அடுத்த அரை நிமிஷம் கடைக்குள் பார்க்கும். எதிர்ச்சாரியில் இன்னொரு தையல் கடை, அதை ஒட்டி ஒரு ஐஸ் கடை. உள்ளே டெய்லர் கழுத்தில் நாடா, வாயில் குண்டூசி, காதில் சாக்கட்டி என்று முழு ஆயுதங்களோடு இருந்தார். ஒட்டடைக்குச்சியைத் தலை முதல் கால் வரை கண்ணாலேயே அளந்துவிட்டு, இவருக்குக் கோட்டு தைத்தால் நீளத்தில் நஷ்டம், அகலத்தில் மிச்சம் என்றார். மனைவி துப்பறிகிறவர்களைக் கூட்டி வந்ததில் அவருக்கு வருத்தமில்லை. உண்மை வெளியே வரட்டும் என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

தட்டிய இடத்தில், சட்டைப் பைக்குள், மின்மினி மாதிரி ஒரு வெளிச்சம் வந்து போனது.

"அண்ணே, உங்க நெஞ்சு மின்னுது," என்றான் ஒட்டடைக்குச்சி.

பேங்க் மெசேஜ் என்று சொல்லிவிட்டு டெய்லர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேங்க் அவருக்கு அன்று நிறைய எழுதியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மின்னியது. அப்புறம் மறுபடி. ஒட்டடைக்குச்சி அதை மனசில் முடிந்துவைத்தான்.

மேடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கும் முன் டெய்லரின் போன் இந்தத் தரம் சத்தமாகவே ஒலித்தது. குடும்ப குரூப். அண்ணன் ஐந்து நாள் மௌனத்தைக் கலைத்திருந்தார். டெய்லர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு வாசித்தார்: 'மாப்பிள்ளை சொன்னது சரி. போனை எடுத்துப் படம் பார்த்தது நான்தான். மன்னிக்க வேண்டும். பில்லை நானே கட்டிவிடுகிறேன். இதோடு விட்டுவிடுங்கள்.'

டெய்லரின் முகம் புதுத் துணி விரித்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டம்மா மெஷினுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணனுக்காக வக்கீல் வைக்கப் போன இடத்தில் அண்ணனே குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன செய்வது.

"முடிஞ்சுது மேடம்," என்று ஒட்டடைக்குச்சி மெதுவாகச் சொன்னான். "கிளம்பலாமா?"

"அவருக்குப் போனைப் போடு," என்றார் மேடம்.

ரோமிங் என்ற சொல்லே அந்தக் குடும்பத்தில் கெட்ட வார்த்தையாகிவிட்டதால், கடை வைஃபையில் இருக்கிறோமா என்று இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். குரலில் களைப்பு. மேடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, இரண்டே நிமிஷம் என்றார். படம் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? ராத்திரி, மாப்பிள்ளை தூங்கின பிறகு, பத்து மணி வாக்கில். எல்லா நாளுமா? எல்லா நாளும்தான். வியாழக்கிழமை பகலிலும் பார்த்தீர்களா? இல்லை, பகலில் ஆபீஸ். போன் எங்கே இருந்தது?

"மாப்பிள்ளையோட தலகாணிக்கு அடியில," என்றார் அண்ணன்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த போனைத் தலையணைக்கு அடியில் தேடி எடுத்த மனிதருக்காக மேடம் பில்லைப் பிரித்து மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்க ஊர் ராத்திரி பத்துன்னா இங்க ரெண்டு மணி. ஒன்பது நாளும் அந்த நேரத்துல பில்லுல ஒரு வரி கூட இல்ல. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இப்படி ஒரு மனு வந்தா முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிடுவேன்."

மறுமுனையில் பெட்டியின் ஜிப் பாதியில் நின்றது.

"நான்தான் ஒத்துக்கிட்டேன்லம்மா. விட்ருங்க. தங்கச்சிய அழ வேணாம்னு சொல்லுங்க." வைத்துவிட்டார்.

டெய்லர், தான் பத்து வருஷமாகச் சொல்லி வருவது இதைத்தான், மச்சானுக்குப் பொய் கூட ஒழுங்காகச் சொல்ல வராது என்றார். சொன்ன பிறகுதான் அது தன் கட்சிக்கு உதவாது என்பது அவருக்கு உறைத்தது.

வெளியே வந்ததும் மேடம் குடையை விரித்தார். "பொய் சொல்றவங்க ரெண்டு வகை. தன்னைக் காப்பாத்திக்கச் சொல்றவன் நாலு தரம் ஒத்திகை பாத்துட்டு வருவான். அடுத்தவங்களுக்காகச் சொல்றவனுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கறதில்ல. இவரு ரெண்டாவது வகை. யாருக்காகன்னுதான் தெரியல."

யோசனைக்கு வயிறு காலியாக இருக்கக் கூடாது என்பது ஒட்டடைக்குச்சியின் கொள்கை. எதிரே ஐஸ் கடைக்குப் போனான். ஒரு குச்சி ஐஸ், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். ஐஸ் கடைக்காரர் பெட்டியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். போன மாதம் ஓசியில் ஏழு ஐஸ் தின்றுவிட்டுப் போனவனுக்குக் கணக்கு ஒரு கேடா என்று கேட்டார்.

"அது தருமம்ணே. உருகிப் போறத உள்ள தள்ளி உங்களுக்கு உதவி பண்ணேன்."

உருகினதற்குக் காரணம் கரண்ட் போனது. பதினோரு மணிக்குப் போய், அவருடைய மொத்தப் பெட்டியும் பாயசமாகி, தெருவே வரிசையில் நின்று ஓசியில் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எகத்தாளமாகத் திரும்பி வந்ததாம். அந்த வியாழக்கிழமையை அவர் சாகிற வரை மறக்க மாட்டாராம்.

ஒட்டடைக்குச்சிக்கும் மறக்கவில்லை. ஏழாவது ஐஸில் கடைவாய்ப்பல் கூசி, வேலை செய்கிற கட்டடத்திலேயே ஒரு மாடி இறங்கி வாயைத் திறக்க வேண்டி வந்தது. டாக்டர் கொடுத்த சீட்டு இன்னும் பர்ஸில் இருந்தது. எடுத்துத் தேதியைப் பார்த்தான். பிறகு ஐஸையும் மறந்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினான். அந்தக் கால்களுக்கு அது நாலு எட்டுதான்.

"மேடம், அதே வியாழக்கிழமை. போனு லீவு எடுத்த நேரமும் நம்ம தெருவுல கரண்ட் போன நேரமும் ஒண்ணு. கரண்ட் போனது இங்க. போனு படுத்தது அங்க."

மேடத்தின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அவர் சந்தோஷப்படும் விதம் அதுதான். "அப்ப திருடன் ஃபிரிட்ஜ் பக்கத்துல இல்ல. இந்தத் தெருவுல இருக்கான். கரண்ட்ல ஓடறான். காலையில ஒன்பதரைக்கு வேலைக்கு வந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போறான்."

இருவரும் ஒரே நேரத்தில் கடைக் கண்ணாடியைப் பார்த்தார்கள். கரும்பச்சைக் கோட்டுக்காரன் அவர்களைப் பார்த்தபடி திரும்பி, முதுகைக் காட்டினான்.

மறுபடி உள்ளே போனபோது டெய்லர் பொம்மை சுற்றுவதற்குத் தான் வைத்திருக்கும் தானியங்கி சுவிட்சைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார். காலை ஒன்பதரைக்கு ஓடும், ராத்திரி ஒன்பதுக்கு நிற்கும். ஊரில் இல்லாத நாட்களிலும் ஓடவிட்டார். கடையில் ஆள் இருக்கிறது என்று எதிர்க்கடைக்காரன் நினைக்கட்டும் என்றுதான். மேடம் கேட்டுக்கொண்டே போய்ப் பொம்மையின் தோளைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அடியில் மோட்டார் முனகியது. ஒட்டடைக்குச்சி டெய்லரின் சட்டைப் பையையே பார்த்தான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பேங்க் எழுதுவதை நிறுத்திவிட்டது.

மேடம் கையை எடுத்தார். பொம்மை கடைக்குள் முகத்தைத் திருப்பியது. நெஞ்சு மின்னியது.

சுவரில், நாடா மாட்டும் ஆணிக்கு மேலே, வாசனை வில்லைப் பெட்டி ஒன்று இருந்தது. ஒட்டடைக்குச்சிக்கு முக்காலி தேவைப்படவில்லை. கையை நீட்டி எடுத்தான். மோந்து பார்த்தான். வாசனை இல்லை. நடுவில் மட்டும் கடுகளவு ஒரு கண்ணாடிக் கண்.

டெய்லர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கேமரா வைத்தால் கடைப் பக்கமே வர மாட்டேன் என்று மனைவி முன்பே சொல்லியிருந்தார்; அதனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவருக்குத் தெரியாமல் வைத்தார். எதிர்க்கடைக்காரன் கண்ணாடியில் முகத்தை ஒட்டித் தன் துணி வெட்டும் முறையைத் திருடுகிறான் என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். யாராவது எட்டிப் பார்த்தால் கேமரா படம் பிடித்து அந்த நிமிஷமே போனுக்கு அனுப்பும். மனைவி காதில் விழாமல் இருக்கச் சத்தத்தை மட்டும் அணைத்து வைத்தார்.

"எத்தன தரம் எட்டிப் பாத்தான்?" என்றார் மேடம்.

"ஒரு தரமும் இல்ல," என்றார் டெய்லர், தரையைப் பார்த்து.

ஒட்டடைக்குச்சி போனை வாங்கித் திறந்தான். அன்று காலையிலிருந்து மட்டும் நூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றிலும் கரும்பச்சைக் கோட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே எச்சரிக்கை: அறிமுகமில்லாத நபர் உங்கள் கடைக்குள் பார்க்கிறார். ஒன்பது நாள், நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம், அந்த அறிமுகமில்லாத நபர் கடல் கடந்து போய் ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஊர் திரும்பியதும் டெய்லர் அத்தனையையும் பார்த்தார்தான். இறங்கின பிறகு மொத்தமாக வந்து சேர்ந்தவை என்று நினைத்து அழித்துவிட்டார்.

வீட்டம்மா எழுந்து நின்றார். ஐந்து நாளாக அழுத முகம் காய்ந்து, வேறு ஒரு முகம் வந்திருந்தது. கணவருடைய பொம்மையும் கணவருடைய கேமராவும் சேர்ந்து தின்றதற்குத் தன் அண்ணன் நாற்பத்து மூன்று பேர் முன்னால் திருடனாக நின்றதைப் பற்றி, சத்தம் போடாமல், ஆனால் நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார். டெய்லர் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஆனா டேட்டாவ அணைச்சது சத்தியம்," என்றார் அங்கிருந்தே. "அணைச்சு வச்ச போனுக்கு எப்படி வரும்?"

"நம்பறேன்," என்றார் மேடம். எல்லோரும் திரும்பினார்கள். அவர் பில்லின் முதல் தாளை எடுத்து, காலையில் தான் பென்சிலில் கோடு போட்ட இடத்தைக் காட்டினார். "நீங்க போய் இறங்கினது திங்கக்கிழமை. அன்னிக்கும் பொம்மை சுத்துச்சு, கேமரா அனுப்புச்சு. பில்லுல ஒண்ணும் இல்ல. அப்ப அணைச்சுத்தான் இருந்திருக்கு. முதல் வரி செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு பன்னெண்டு. அங்க காலையில பதினொண்ணு பன்னெண்டு. யாரோ திறந்திருக்காங்க, மூட மறந்திருக்காங்க." பிறகு வீட்டம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

சந்தையில், என்று சட்டென்று பதில் வந்தது. எட்டு வாசல் உள்ள பெரிய சந்தை. இவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் காரை நிறுத்தப் போயிருந்தார். தன் போனைத்தான் ஊரிலேயே வைத்துவிட்டு வந்தாயிற்றே, அதனால் இவருடைய போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எந்த வாசல் என்று தெரியாமல், பயந்துபோய், நிற்கிற இடத்தை அண்ணனுக்கு அனுப்பலாம் என்று…

அத்தோடு நின்றுவிட்டார்.

அண்ணன் நாலே நிமிஷத்தில் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது, தான் போனைப் பைக்குள் போட்டது, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் மேல் பழைய இடத்திலேயே வைத்தது எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக ஓடியதை ஒட்டடைக்குச்சி பார்த்தான். கேலி செய்ய நல்ல இடம். அவன் முக்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"நாலு தாளையும் நீங்க குரூப்புல போட்டீங்கல்ல," என்றார் மேடம், டெய்லரிடம். "முதல் வரிய பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அதே நேரத்துல தங்கச்சி அனுப்பின இடம் அவர் போன்ல இருக்கு. திறந்தது யாருன்னு தெரியும். அதனாலதான் நான்தான்னு சொன்னாரு."

டெய்லர் வாயைத் திறந்தார். பதினெட்டுக் கோட்டுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் ஒரு கணம் அவர் கண்ணில் எட்டிப் பார்த்தது. வீட்டம்மா வாசனை இல்லாத வாசனை வில்லைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். டெய்லர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டம்மா கணவர் போனை வாங்கி, குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அழுத்தினார். டேட்டாவைத் திறந்துவிட்டது நான், என்றார். வந்து குடித்தது இவருடைய கேமரா. எங்கண்ணன் அந்தப் போனைத் தொடவே இல்லை. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார். எல்லோரும் நல்லாக் கேட்டுக்கங்க, போன தரம் மாதிரி ரெண்டு தரம் கேளுங்க. பிறகு போனைக் கணவரிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க."

டெய்லர் தொண்டையைச் செருமினார். நாடாவைச் சரிசெய்தார். அவர் பேசியது நாற்பது விநாடி. அதில் இருபத்தைந்து விநாடி பாஸ்வேர்டு ஏன் அத்தனை நீளம் என்பது பற்றி. மனைவி பார்த்த பார்வையில் மிச்சம் பதினைந்து விநாடிக்கு வழிக்கு வந்தார். "மச்சான், தப்பு என் பேர்ல. வீட்டுக்கு வந்துரு."

எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்மையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது. வீட்டம்மா சத்தமாகப் படித்தார்:

"லாட்ஜுக்காரன் கட்டின பணத்தத் திருப்பித் தர மாட்டானாம். பதினஞ்சு நாளுக்கு ரூம் சும்மா கிடக்கும். நான் வீட்டுக்கு வந்துடறேன் பாப்பா. மாப்பிள்ளைய அங்க போய்த் தங்கச் சொல்லு."

டெய்லர் கோபப்படுவாரா, சிரிப்பாரா என்று பார்க்க ஒட்டடைக்குச்சி கதவருகில் காத்திருந்தான். டெய்லர் மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். அவர் கையில் இன்னும் அந்தப் பெட்டி இருந்தது.

"லாட்ஜுல வைஃபை உண்டான்னு கேளு," என்றார்.